கொடுமுடியின் குரல்



மேல்நாட்டில் ஓபரா என்றொரு கலை உண்டு. கதையைப் பாட்டாலேயே நடத்துவார்கள். அதில் பெண்ணின் உச்சக் குரலுக்குச் சொப்ரானோ என்று பெயர். பெரிய வாத்தியக் குழு முழங்கும். அதையும் தாண்டி, மைக் இல்லாமல், கடைசி வரிசையைத் தொடவேண்டும் அந்தக் குரல். மும்பையில் பிறந்த பாட்ரிசியா ரொசாரியோ லண்டனில் அதைக் கற்று உலக மேடைகளில் பாடினார். பெருமைதான். ஆனால் நான் கேட்கிறேன்: தமிழச்சிக்கு அந்தக் குரல் இல்லையா? இருந்தது!

அந்தக் குரல் முழங்கிய தமிழ் இசை நாடக மேடையை அமைத்தவர் யார்? தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். அதில் முருகனாக நின்றவர் யார்? நம் செங்கோட்டை கிட்டப்பா. எதிரே வள்ளியாக நின்றவர் யார்? 1908இல் கொடுமுடியில் பிறந்து, சிறுமியாக ரயிலில் பாடிப் பிழைத்த சுந்தராம்பாள்!

கலைஞர்களைத் தனித்தனியே அழைத்து நடத்தும் அந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணத்தில் தர்க்கம் வரும். வேலன் ஒரு பாட்டை எடுத்து வீசுவார். வள்ளி அந்தக் கணமே பாட்டால் மடக்க வேண்டும். ராகமும் தப்பக்கூடாது, சொல்லும் தப்பக்கூடாது, விடிகிறவரை தொண்டையும் சோரக்கூடாது. இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் எந்த ஊரில் இருக்கிறது?

சுந்தராம்பாளின் கணவரான கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. வெள்ளைச் சேலை உடுத்தினார்; இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்தக் குரல் அதோடு மூலையில் முடங்கியதா? இல்லை! 1935இல் ஆண்வேடம் தரித்து நந்தனாராகவே திரையில் நின்றார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1953இல் ஔவையாராக வந்தார். துணைவன் படத்தில் பாடியதற்குத் தேசிய விருது வாங்கியபோது அறுபதைக் கடந்திருந்தார். துணையை இழந்த பெண்ணை வீட்டுக்குள் ஒடுங்கச் சொன்ன காலத்தில், நாட்டையே தன் குரலுக்குக் காதுகொடுக்க வைத்தார் அந்த அம்மா.

தாய்மார்களே, "பொம்பளப் பிள்ளை சத்தம் தெருவுக்குக் கேக்கக் கூடாது" என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். திசையன்விளைக் கோயில் கொடை விழாக் குழுவினரே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். வில்லிசைக்கு நேரம் ஒதுக்குகிறீர்கள், கணியான் கூத்துக்கு ஒதுக்குகிறீர்கள். அடுத்த கொடையில் அரைமணி நேரம் மைக் செட்டை நிறுத்திவிட்டு, நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியை வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். கூட்டம் மூச்சடக்கிக் கேட்கட்டும். கடைசியில் நிற்கிற ஆச்சிக்கும் அந்தப் பாட்டு போய்ச் சேரட்டும்.