தொழிலைத் தேர்ந்தெடுப்பது யார்?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்வி வழிகாட்டிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானபின் மாணவர்களின் விவரங்களைப் பதிவு செய்தபோது, "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று ஒரு மாணவனிடம் கேட்டோம். "மாமா விசாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்" என்றான். கேள்வி ஒன்று, விடை வேறொன்று. ஆயினும் தன் தொழிலை முடிவு செய்பவர் யார் என்பதை அவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். ஒருவரின் தொழில்வாழ்வில் பிறர் செலுத்தும் இத்தகைய செல்வாக்கை அளந்தறிய இயலுமா?

அளந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர்களான பீட்டர் பிளாவ், ஓட்டிஸ் டட்லி டங்கன் ஆகிய இருவரும், 1962இல் 20,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பை ஆராய்ந்து 1967இல் நூலாக வெளியிட்டனர். தந்தையின் படிப்பு, தந்தையின் தொழில், மகனின் படிப்பு, அவனுடைய முதல் வேலை, பின்னர் அவன் அடைந்த வேலை ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தனர். முழுமையான தொடர்பை 1 எனக் கொண்டால், தந்தையின் தொழில்நிலைக்கும் மகனின் தொழில்நிலைக்கும் இருந்த தொடர்பு ஏறத்தாழ 0.4. ஆனால் மகனின் படிப்பையும் முதல் வேலையையும் கணக்கில் சேர்த்தபோது, தந்தையின் தொழில் நேரடியாகச் செலுத்திய தாக்கம் 0.12 அளவிற்குச் சுருங்கியது. மகனின் படிப்பின் நேரடித் தாக்கமோ 0.39 என நின்றது.

எஞ்சிய செல்வாக்கு எங்கே போயிற்று? அதன் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தின் வழியாகவே சென்றிருந்தது. வசதியுள்ள தந்தை தன் மகனுக்கு வேலையைக் கொடுப்பதைவிட, வேலையைத் தரும் படிப்பையே அதிகம் கொடுக்கிறார். வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் கதவு அடைபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். கல்வி உதவித்தொகைக்காக நாம் உங்களிடம் ஆண்டுதோறும் கையேந்துவது இதனால்தான்.

அமெரிக்காவின் அந்த எண்களை அப்படியே நம் மஹல்லாவின்மீது ஏற்றிச் சொல்ல நாம் முன்வரவில்லை. மலேசியாவிற்கும் வளைகுடாவிற்கும் உறவினர் கைபிடித்துச் சென்ற மக்கள் நாம். மாமாவின் பங்கு அந்த ஐந்து அளவைகளில் இல்லை. பெண்களும் அதில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லும்போது நமக்கே வெட்கமாயிருக்கிறது. நம் பதிவேட்டில் பெண்பிள்ளைகளின் மதிப்பெண்ணை எழுதினோம், விருப்பத்தை எழுதவில்லை.

பெருந்திரளின் சராசரி ஒரு பிள்ளையின் மனத்தைக் காட்டாது. அதற்கு வேறொரு முறை உண்டு. ஆஸ்திரேலியாவின் மேரி மக்மஹோன், வெண்டி பேட்டன் ஆகியோரும் தென்னாப்பிரிக்காவின் மார்க் வாட்சனும் உருவாக்கிய பயிற்சியில் மதிப்பெண் கிடையாது. தன்னுடைய இயல்பு, சுற்றியுள்ள மனிதர், ஊரும் பொருளாதாரமும், கடந்த காலமும் வருங்காலமும் என ஒவ்வொன்றும் தன்னை எப்படித் தொடுகிறது என்பதை மாணவனே எண்ணிப் பார்த்து, ஒரு படமாக வரைகிறான்.

அதைப் பின்பற்றி எளிய படிவம் ஒன்றைத் தயாரித்துள்ளோம். ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே படிவம்தான். அஸர் தொழுகைக்குப்பின் ஜமாஅத் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். பிள்ளைகள் எழுதும்போது பெற்றோர் அருகில் அமர வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் எழுதிக் கொடுத்தவன் அந்த மாணவனே. நடுவட்டத்திற்கு மிக அருகில் மாமாவை எழுதியிருந்தான். சற்றுத் தள்ளி, சிறிய எழுத்தில், "கணக்கு வாத்தியார்" என்றிருந்தது. விடுமுறையில் ஊர் வரும் அவனுடைய மாமாவைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறோம்.