பிள்ளையின் கல்விக்கு இன்றே ஒரு கணக்கு
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் நாம், அவர்களின் கல்லூரிப் படிப்பைப் பற்றிக் கனவு காண்கிறோம். அதற்கான பணத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். சேர்க்கைக் கடிதம் வந்தபின் கடன் தேடி அலைகிறோம். அக்கடனைப் பிள்ளைகளே பல்லாண்டுகள் சுமக்க நேரிடுகிறது.

இந்நாட்டு வருமான வரிச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்டது 529ஆம் பிரிவு. அதன்கீழ் மாநிலங்கள் நடத்தும் சேமிப்புத் திட்டங்களில் நாம் இடும் பணம் முதலீடாக வளர்கிறது. கல்லூரிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் அதை எடுத்தால், ஈட்டிய லாபத்திற்குக் கூட்டரசு வருமான வரி கிடையாது.

“பிள்ளை கல்லூரிக்குச் செல்லாவிட்டால் பணம் வீணாகிவிடுமே” என நம்மில் பலர் தயங்குகிறோம். வீணாகாது. நம் பெயரில் திறந்த கணக்கு நம் பொறுப்பிலேயே இருக்கும். அதன் பயனைத் தம்பிக்கோ தங்கைக்கோ மாற்றித் தரலாம். வேறு செலவுக்கு எடுத்தாலும், லாபத்திற்கு மட்டுமே கூட்டரசு வரியும், பொதுவாக அதன்மேல் 10 விழுக்காடு கூடுதல் வரியும் உண்டு. இட்ட முதலுக்கு இல்லை.

சந்தை இறங்கினால் முதலும் குறையக்கூடும். ஆகவே, படிப்புக் காலம் நெருங்க நெருங்கப் பாதுகாப்பான முதலீட்டுக்கு மாற்றிக்கொள்வோம்.

சிறு தொகையாயினும் மாதந்தோறும் இடுவோம். பிள்ளை பிறந்த ஆண்டிலேயே தொடங்கினால், 18 ஆண்டுகள் நமக்குத் துணை நிற்கும்.