பனி பொது, பாதையும் பொதுவா?



வானம் பாரபட்சம் பார்ப்பதில்லை. பனி நிலத்தில் விழுந்த பின்னரே பாரபட்சம் தொடங்குகின்றது.

1969 பெப்ரவரியில் நியூயோர்க் மாநகரில் ஏறத்தாழ 15 அங்குலப் பனி கொட்டியது. மன்ஹட்டன் தெருக்கள் விரைவில் துப்புரவாகின. குவீன்ஸ் வீதிகளோ நாட்கணக்காகப் புதைந்து கிடந்தன. மாண்டோர் 42 பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குவீன்ஸ்வாசிகள். நகர முதல்வர் ஜோன் லிண்ட்சே அங்கு சென்றபோது மக்கள் கூவி எள்ளினர். அவ்வாண்டு ஜூனில் அவர் தம் கட்சியின் நியமனத்தையே இழந்தார். நவம்பரில் வேறொரு கட்சியின் பெயரில் நின்றே மீண்டும் வென்றார்.

1979 ஜனவரியில் சிக்காகோவில் ஏறத்தாழ 20 அங்குலப் பனி. தாமதத்தைக் குறைப்பதற்கென்று, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் நிலையங்கள் பலவற்றில் நில்லாமலே ரயில்கள் ஓடின. வரி செலுத்திய குடிகள் குளிரிற் காத்து நிற்க, தொலைவிலிருந்து வந்த வண்டிகள் அவர்களைக் கடந்து சென்றன. பெப்ரவரி 27இல் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் முதல்வர் மைக்கேல் பிலாண்டிக்கை ஜேன் பேர்ண் வீழ்த்தினார். கறுப்பின மக்களின் வாக்கு தனித்து வெல்லப் போதியதன்று; மற்றையோரின் அதிருப்தியும் அதனுடன் சேர்ந்தமையாலேயே ஆட்சி மாறியது.

எத்தெருவை முதலிற் திறப்பது என்பது பொறியியலாளரின் கணக்கு மட்டுமன்று. எவருடைய வாழ்வு காத்திருக்கலாம் என்ற அரசியல் தீர்ப்பாகும். ஆகையால் அவ்வொழுங்கை, பனி விழுமுன்னரே, யாவரும் அறிய எழுதிவைக்க வேண்டும். கமக்காரப் பெருமக்களே, நீர் நீதியாகப் பங்கிடப்பட்டதா என்பதை வாய்க்காலின் முதல் வயலிற் கேட்பதில்லை. கடைசி வயலிலேயே கேட்க வேண்டும்.