கணக்கெழுதும் கருவியும் அதனை ஆக்கியோரும்

(குரங்கணியில் சிறு விவசாயிகளும் மகளிர் குழுவினரும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் தலைக்கு மேலே நிற்கும் இம்மலையில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்றும் 'டாப் ஸ்டேஷன்' என்றும் வழங்கும் பெயர்களை நாம் நாள்தோறும் சொல்லி வருகிறோம். ரயில் இல்லாத மலைக்கு ஸ்டேஷன் எங்கிருந்து வந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரையில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்தில் இறங்கி, பின்னர் போடிநாயக்கனூருக்கு வண்டியேறிற்று. அந்த ரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. வடத்தை இழுத்துக் கட்டியவர் யார், அதற்கு எண்ணெயிட்டுக் காத்தவர் யார் என்று கேட்டால் சொல்வாரில்லை.

இன்று மற்றொரு கருவி நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் வரவு செலவு எழுதி, பில் போட்டு, பாக்கியைக் காட்டும் மென்பொருளைத்தான் சொல்லுகிறோம். "இதை எழுதுகிறவர்கள் யார், அவர்களை நம்பலாமா?" என்று மகளிர் குழுவைச் சேர்ந்த தாய்மார் சிலர் நம்மிடம் கேட்டார்கள். மிகவும் நியாயமான கேள்வி. அவர்களுக்கு விடை சொல்லவே இன்று வந்துள்ளோம். எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்வது நம் வேலையன்று.

முதலில் ஒரு தந்தையையும் மகனையும் சொல்ல வேண்டும். சியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்று வந்த வியாபாரி. தம் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தக்க மென்பொருள் கிடைக்காமையால், கணிதம் பயின்ற தம் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986ஆம் ஆண்டில் பெங்களூரில் அவ்வாறு பிறந்ததே, இன்று ஆடிட்டர் அலுவலகங்கள் எங்கும் 'டேலி' என்று சொல்லப்படுவது. வியாபாரியின் தேவை முன்னே வந்தது. கருவி அதன் பின்னே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

அடுத்தது நமக்கு இன்னும் நெருங்கியது. 1996இல் டோனி தாமஸ், ஸ்ரீதர் வேம்பு, அவருடைய சகோதரர்கள் முதலிய சிலர் சேர்ந்து 'அட்வென்ட்நெட்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஸ்ரீதர் வேம்பு பள்ளியில் தமிழ்வழியில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யிலும் பின்னர் அமெரிக்காவில் பிரின்ஸ்டனிலும் பயின்றவர். தொடக்கத்தில் அவர்கள் எழுதியது தொலைத்தொடர்புக் கம்பெனிகளுக்கான மென்பொருள். 2001ஆம் ஆண்டையொட்டி அத்தொழில் உலகெங்கும் சரிந்தபோது, வேறு வழி காண வேண்டியவர்களாகிச் சிறு வியாபாரிகளின் பக்கம் திரும்பினார்கள். சிறிய அலுவலகம், வீட்டு அலுவலகம் என்று பொருள்படும் 'சோஹோ' என்ற ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து வந்ததே 'ஸோஹோ' என்னும் பெயர். 2009இல் நிறுவனம் முழுவதுமே அப்பெயரை ஏற்றது. வெளியார் முதலீடு எதையும் வாங்காமலே வளர்ந்த அந்நிறுவனத்தின் மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் 2023இல் பத்துக் கோடியை எட்டினர். ஸ்ரீதர் வேம்புவின் சகோதரி ராதா வேம்பு அங்கே மின்னஞ்சல் பிரிவைக் கவனித்து வந்தவர். 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு ஆராய்ச்சிப் பணிக்குச் செல்ல, தொடக்க காலத் தோழர்களில் ஒருவரான சைலேஷ் குமார் டேவி தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பெரியவர்களின் பெயர்களைச் சொன்னோம். ஆயினும் மென்பொருளை ஆக்குவது ஒருவர் இருவர் அல்லர். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் அவ்வேலையைச் செய்தவர்களே. காய் பறிப்பவர் ஒருவர், ஸ்டோரில் சூடு பார்த்து உலர்த்துபவர் ஒருவர், வெடித்த காயையும் வெளுத்த காயையும் கண்ணால் பார்த்துப் பொறுக்குபவர் ஒருவர். மென்பொருள் குழுவும் இப்படித்தான். வியாபாரிக்கு என்ன வேண்டுமென்று கேட்டறிபவர் ஒருவர். அதைக் கணிப்பொறி அறியும் மொழியில் எழுதுபவர் ஒருவர். திரையில் எழுத்தும் பொத்தானும் எங்கே இருந்தால் கைக்கு எளிது என்று வரைபவர் ஒருவர். பிறகு சோதனையாளர் வருகிறார். தொகை எழுத வேண்டிய இடத்தில் பெயரை எழுதியும், தேதியைத் தலைகீழாகக் கொடுத்தும், எங்கே தவறுகிறது என்று தேடுவதே அவர் வேலை. பொறுக்குகிற பெண்ணின் கண் இவருக்கும் வேண்டும். கடைசியாக, "என் பில் வரவில்லையே" என்று கோபத்தோடு கேட்பவருக்குப் பொறுமையாக விடை சொல்பவர். நம் அனுபவத்தில் இவரே மிக முக்கியமானவர். நம் அலுவலகத்துக்கும் இப்படிப்பட்டவர் நாலு பேர் வேண்டும்!

இவர்கள் எல்லோரும் பெரும் பட்டம் பெற்றவர்களா? இதற்காகவே இளைஞர்களை முன்வரிசையில் அமரச் செய்தோம். ஸோஹோ நிறுவனம் 2004-05 அளவில் ஒரு பள்ளியைத் தொடங்கிற்று. முதலில் சேர்ந்தவர் ஆறே மாணவர்கள். பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்பித்து வேலையில் அமர்த்தும் ஏற்பாடு அது. பின்னர் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகமும் பள்ளியும் வந்தன. வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கென 2016இல் வெளிவந்த 'ஸோஹோ டெஸ்க்' என்னும் மென்பொருளைத் தென்காசிக் குழுவினரே உருவாக்கினர். அதுவும் நம்மைப் போல மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமே. பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறும் நம் பிள்ளைகளின் காதில் இச்செய்தி விழ வேண்டும் என்பது நம் ஆசை.

ஆயினும் மத்தளம்பாறையை அப்படியே குரங்கணியாக எண்ணிவிடலாகாது. அங்கே சமவெளிச் சாலை அருகிலேயே இருந்தது. நம் ஊராட்சியின் மேற்குடியிருப்புகளுக்கோ 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரமே குதிரை மேல் ஏறிச் சென்றது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிச் செல்லும் ஊரில் இணையக் கணக்கு எல்லோருக்கும் உடனே பயன்படும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சாலையும் கோபுரமும் அரசின் பொறுப்பு. அதை உங்கள் தலையில் சுமத்த மாட்டோம்.

இவ்வளவு இடர் இருந்தும் கணக்கைப் பற்றி ஏன் வற்புறுத்துகிறோம்? போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை திரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஏலத்துக்குப் போகாமல், முன்பணம் வாங்கிய இடத்திலேயே காயையும் காப்பியையும் மிளகையும் கொடுக்கும் சிறு விவசாயிக்கோ, கொடுத்தவரின் நோட்டுதான் கணக்கு. எப்போது எவ்வளவு வாங்கினோம், எத்தனை கிலோ கொடுத்தோம், எவ்வளவு கழிந்தது என்பதற்குத் தம் பக்கத்தில் ஒரு வரி இல்லாதவர் வாதாட முடியாது. வங்கியில் கடன் கேட்டாலும் காட்ட ஒன்றும் இராது. ஆதலின் சிக்னல் இல்லாத வீட்டில் நாற்பது பக்க நோட்டில் எழுதினாலும் போதும். தேதி, எடை, விலை, வரவு, பாக்கி என்ற அந்த ஐந்து கட்டங்கள்தாம் மென்பொருளிலும் இருக்கின்றன.

இனி, நம்பலாமா என்ற கேள்விக்கு வருவோம். கருவி கூட்டலில் தவறாது. ஆனால் தராசில் குறைத்து நிறுத்ததை அது அறியாது. நீங்கள் எழுதியதைத்தான் அது கூட்டும். இணையத்தில் எழுதும் கணக்கு அந்தந்த நிறுவனத்தின் கணிப்பொறிகளில் சேமிக்கப்படுகிறது. கடவுச்சொல் வைத்திருப்பவர் யாராயினும் அதைத் திறக்கலாம். ஆகவே கடவுச்சொல்லைக் கடைக்காரரிடமோ, உதவி செய்ய வந்த பிள்ளையிடமோ, நம் அலுவலக ஊழியரிடமோகூடச் சொல்ல வேண்டாம். குழுக் கணக்காயின் தலைவியும் பொருளாளரும் மாதம் ஒருமுறை அதைத் தாளில் எடுத்து, உறுப்பினர் முன்னிலையில் படிக்கட்டும்.

இப்போது மகளிர் குழுவின் கணக்கர் தம் கைப்பேசியில் இம்மாத வரவு செலவைப் பதிந்து காட்டுவார். பின்னே நிற்பவர்கள் முன்னே வந்து அமருமாறு கேட்டுக்கொள்கிறோம், திரை சிறியது.