அச்சத்தால் வருவதல்ல கட்டுப்பாடு

  

பெருந்தொற்றின்போது சிலர் முகக்கவசம் அணிகிறார்கள், காய்ச்சல் கண்டதும் தாமாகவே பரிசோதனைக்கு வருகிறார்கள், வேறு சிலர் நோயை மறைக்கிறார்கள். ஏன்? உளவியல் துறையில் என்னோடு பணியாற்றிய நண்பர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லும் விடை உங்களுக்குத் தெரியும்: அச்சம். அபாயத்தை உணர்ந்தவர் கட்டுப்படுவார். உணராதவரைப் பயமுறுத்தியாவது உணர்த்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதைத் துறைக் கூட்டங்களிலும் மறுத்தேன், இந்த மேடையிலும் மறுக்கிறேன்.

1897ஆம் ஆண்டின் புனே நகரத்தை எடுத்துக்கொள்வோம். முந்தைய செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வியில் கண்டறியப்பட்ட பிளேக் அங்கும் பரவிவிட்டது. பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் கொரோனாவுக்காக நாம் கையிலெடுத்ததும் அதே சட்டம்தான். மார்ச்சில் வால்டர் ராண்ட் தலைமையிலான பிளேக் குழு, படைவீரர்களை வீடுவீடாக அனுப்பியது. அடுப்படி, பூசையறை என்று பாராமல் நுழைந்தார்கள். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பெண்களை அவமதித்தார்கள் என்ற குமுறல் ஊரெங்கும் எழுந்தது. நோயாளியை மருத்துவமனைக்கும், உடனிருந்தோரைத் தனி முகாமுக்கும் கொண்டுபோனார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை எரித்தார்கள்.

புனே மக்களுக்குப் பிளேக்கைக் கண்டு பயமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஊரைவிட்டே ஓடியவர்கள் ஏராளம். என் நண்பர்களின் கணக்குப்படி அங்கே முழுக் கட்டுப்பாடு நிலவியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. நோயாளிகளை மறைத்தார்கள், சாவையும் மறைத்தார்கள். ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழாவிலிருந்து திரும்பிய ராண்டை அவ்வூர்ச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஜூலை 3இல் அவர் இறந்தார்.

அதே ஊரில், அதே பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. பெண்கல்விக்கு உழைத்த சாவித்திரிபாய் பூலே, மருத்துவரான தம் மகன் யஷ்வந்துடன் ஊருக்கு வெளியே சிகிச்சையிடம் நடத்தினார். நோயாளிகளைத் தாமே சுமந்து வந்தார். அப்படித் தொற்றிய பிளேக்கால் மார்ச் 10இல் மறைந்தார். நோய் ஒன்றுதான். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோவதும் இரண்டு இடத்திலும் உண்டு. வேறுபட்டது, கொண்டுபோகிறவர் யார் என்பதும், அவர்மேல் குடும்பத்தார் வைக்கக்கூடிய நம்பிக்கையும்தான். இந்த ஒரு வேறுபாட்டை அச்சக் கோட்பாட்டால் விளக்கவே முடியாது.

சென்னைக்கு வருவோம். 2020இல் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தோம். அதன்பின் காய்ச்சல் கண்டவர் பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தால், அதை அலட்சியம் என்று எழுதுவது அநியாயம். தெருவே பார்க்கத் தகரம் வருமே என்றுதான் அவர் பயந்தார்.

கோட்பாடு பற்றிச் சுருக்கமாக: அச்சம் எப்போது தற்காப்புக்குத் தூண்டும் என்பதை விளக்க உளவியலாளர் ரொனால்ட் ரோஜர்ஸ் 1975இல் முன்வைத்த பாதுகாப்பு ஊக்கக் கோட்பாட்டில், 'என்னால் முடியும்' என்ற தன்திறன் நம்பிக்கையை 1983இல் அவரே சேர்த்தார். அந்த நம்பிக்கை இல்லாதவரிடம் பயத்தை ஏற்றினால், அவர் நோயை விட்டுவிட்டுப் பயத்தைச் சமாளிக்கத் தொடங்குகிறார் என்றார் தொடர்பியல் ஆய்வாளர் கிம் விட்டே, 1992இல். ஒற்றை அறையில் குடும்பமே வாழும் நாள்கூலிக்காரரிடம் தனித்திரு என்று சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டிய ஆய்வுகளை விரிக்க நேரமில்லை, பட்டியலிடுகிறேன். கிராம சுகாதாரச் செவிலியர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் நினைவுகளைப் பதிய வேண்டும். தகரம் அடித்த தெருக்களையும் அடிக்காத தெருக்களையும் ஒப்பிட வேண்டும். தடுப்பூசித் தயக்கத்தைச் சாதி, பாலினம், கூலி வாரியாகப் பார்க்க வேண்டும். ஆய்வு மாணவர்களே, உங்கள் வினாப்படிவம் 'எவ்வளவு பயந்தீர்கள்?' என்பதோடு நிற்க வேண்டாம். யாரைக் கண்டு பயந்தீர்கள், யாரை நம்பினீர்கள் என்றும் கேளுங்கள்.