நிலம் சொல்வதைத் தமிழில் கேட்போம்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இலக்கணம் கற்பிப்பவனுக்குப் பாறையோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். என் தம்பியின் புன்செய்தான் அவ்வுறவை உண்டாக்கிற்று. மூன்று இடங்களில் ஆழ்துளையிட்டான். மூன்றிலும் புழுதியே எழுந்தது. நிலத்தை ஆய்ந்தவர் தந்த தாள் அவன் பெட்டியில் மடித்தபடியே கிடந்தது. அது முற்றும் ஆங்கிலம். எழுபது அடிக்குக் கீழே பிளவற்ற பாறை, மேலும் துளைத்தல் வீண் என்று அதில் எழுதியிருந்தது. அதை நான் படித்துச் சொன்ன நாளில் ஒவ்வொரு துளையும் அறுநூறு அடியைத் தாண்டியிருந்தது. கடனும் தலைக்கு மேல் ஏறியிருந்தது.

அத்தாளின் பொருள் என்ன? சேலம், நாமக்கல் நிலப்பரப்பின் அடியில் இருப்பது மிகப் பழைய கடும்பாறை. நீர் அதனுள் ஆறுபோல் ஓடுவதில்லை. மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும் தங்குகிறது. உலர்ந்த பாறை மின்னோட்டத்தைத் தடுக்கும். உப்புக் கரைந்த நீர் வழிவிடும். இவ்வேறுபாட்டை அளப்பதே மின்தடை ஆய்வு. 1912ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கொன்ராடு சுலும்பர்சே இதனைக் களத்தில் செய்து பார்த்தார்.

ஒரே நேர்கோட்டில் நான்கு முளைகளை அடிப்பர். புறத்தே உள்ள இரண்டின் வழியே மின்னோட்டம் செல்லும். அகத்தே உள்ள இரண்டினிடையே மின்னழுத்த வேறுபாட்டை அளப்பர். புற முளைகளை அகற்றி அகற்றி நடுந்தோறும் ஓட்டம் மேலும் ஆழத்தே புகும். நீருள்ள சிதைபாறையின் மின்தடை எண் குறைவாக இருக்கும். பிளவற்ற பாறையினது ஆயிரம் ஓம்மீட்டரையும் கடக்கும். ஆயினும் களிமண்ணும் குறைந்த எண்ணையே காட்டும். ஆழத்திலுள்ள மெல்லிய வெடிப்பு கருவிக்குத் தப்பவும் கூடும். ஆதலால் பக்கத்துக் கிணற்றையும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

ஒருமுறை அளந்தால் நிலத்தின் நிலை தெரியும். அதே இடத்தில் கோடையிலும் மழைக்குப் பின்னும் அளந்தால் அதன் மாற்றம் தெரியும். நிலவெப்பத்தால் மின்னாக்கும் நாடுகளில் இவ்வாறே காலந்தோறும் அளக்கின்றனர். வெந்நீர் குறைந்து ஆவி மிகுந்தால் மின்தடை உயரும். இலடாக்கின் பூகாப் பள்ளத்தாக்கில் 1970களிலேயே வெந்நீர்த் தேக்கத்தை இம்முறையால் ஆய்ந்தனர். அங்கு மின்னாக்க 2021இல் உடன்படிக்கையும் ஆயிற்று. வெந்நீருக்குக் காட்டும் விழிப்பு நம் குடிநீருக்கு வேண்டாவா?

கூவல், கேணி, ஊருணி என நீர்நிலைக்கு நிலைக்கொரு பெயரிட்ட மொழி நம் மொழி. மின்முனை, மின்தடை எண், சிதைபாறை என்று எழுதினால் எந்த உழவருக்கு விளங்காது? இனி ஆய்வுக்குக் காசு கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: "முடிவைத் தமிழில் எழுதித் தருவீர்களா?" தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் என் தம்பியின் நிலம் மூன்று துளைகளைச் சுமந்திராது.