மரப்பண்டமும் வர்ண வேலையும்
(வடக்குப்பட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



2022-ஆம் வருஷத்தில் இந்தியத் தொல்லியல் துறையார் இவ்வூரில் அகழ்ந்தபோது, பழங் கல்லாயுதங்களும் மட்கல ஓடுகளும் வெளிப்பட்டமை தாங்கள் அறிந்ததே. கல்லும் சுட்ட மண்ணும் காலத்தை வெல்லும். மரமோ கறையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகும். ஆதலின் தச்சனுடைய புகழ் மண்ணுக்குள் நிலைப்பதன்று. வீட்டார் கையில் நிலைக்கவேண்டுவது.

மணையும், தொட்டிலும், நடைவண்டியும், அஞ்சறைப் பெட்டியும் முன்னாளில் நம்மவர் பட்டறையினின்றே இல்லங்களுக்குச் சென்றன. இப்பொழுது அவ்விடத்தைப் பிளாஸ்டிக்கு கவர்ந்துகொண்டது. ஒரகடத்து ஆலைகளுக்கு நம் பிள்ளைகள் செல்வதை யாம் குறைகூறோம். அச்சம்பளமே பல குடும்பங்களைக் காக்கின்றது. ஆயினும், அதன்பொருட்டு உளி துருப்பிடிக்க வேண்டுமென்னும் நியதியில்லை. ஓய்வு நேரத்தில் மரப்பண்டங்களுக்குச் சித்திர வேலை செய்து விற்றல் நமக்கு இயலாததன்று.

பிற ஊரார் இதனைச் செய்து பெயர்பெற்றிருக்கின்றனர். கன்னட நாட்டுச் சன்னபட்டணத்தார் பாலை மரத்தைக் கடைசலிற் சுழற்றி, அதன்மீது வர்ண அரக்குக் கட்டியை அழுத்துவர். உராய்வின் சூட்டினால் அரக்கு உருகி மரத்திற் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். ஆந்திர நாட்டுக் கொண்டபள்ளியார் பொணிகி என்னும் மென்மரத்தைச் செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்து உறுப்புக்களை ஒட்டி, அதன்மேல் வர்ணந் தீட்டுவர். நம் நாட்டு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை அறியாத தாய்மார் இரார்.

இனி, எமது பிழையொன்றைச் சபையிற் சொல்லவேண்டியவர்களாயிருக்கின்றோம். சில வருஷங்களுக்கு முன் யாம் ஒரு நடைவண்டி செய்து, கடையில் மலிவாய்க் கிடைத்த வர்ணத்தைப் பூசிக் கொடுத்தோம். மூன்று திங்களில் அவ்வீட்டுத் தாய் அதனைத் திரும்பக் கொணர்ந்து, வர்ணம் உரிந்து குழந்தையின் வாயிற் கிடந்ததென்று காட்டினார். அன்று யாம் அடைந்த நாணம் இன்னும் நீங்கவில்லை. வர்ணத்திற் கலந்துள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2016-ஆம் வருஷத்து மத்திய அரசாங்க விதிகளின்படி வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கிற்கு 90 பங்கிற்கு மேற்படலாகாது. டப்பாவின்மீது அச்சிட்டிருப்பதை வாசியாமல் அன்று வாங்கியது எம் குற்றமே.

ஆகவே, நாம் கைக்கொள்ளத்தக்க விதிகள் சிலவற்றைக் கூறுகின்றோம். குழந்தை வாயில் வைக்கும் பண்டத்திற்கு அரக்கும், மஞ்சள், அவுரி போன்ற தாவர நிறங்களுமே தகும். அரக்கு சூட்டிற்கு இளகுமாதலின், கொதிக்கும் பாத்திரம் வைக்கும் பலகைக்கு அஃது ஆகாது. உணவு படும் முகத்தை வெறுமையாய் விட்டு, விளிம்பிலும் பக்கங்களிலும் மாத்திரம் சித்திரந் தீட்டுக. ஆலைகளிற் கழிக்கப்படும் சரக்குப் பெட்டிப் பலகையை நாடுவோர் அதன் முத்திரையைப் பார்க்கவேண்டும்: ‘எச்.டி.’ என்றிருப்பின் சூட்டினாற் பூச்சியகற்றியது, ‘எம்.பி.’ என்றிருப்பின் மெதில் புரோமைடு என்னும் நச்சுப் புகையிட்டது. பின்னதை வீட்டுப் பண்டத்திற்குத் தொடவே வேண்டாம். முன்னதாயினும் எண்ணெயோ மருந்தோ சிந்திய கறையிருப்பின் விலக்குக.

சித்திரம் எழுத யார் உளர் எனின், தாய்மார்களே, நீங்கள் இருக்கின்றீர்கள். புள்ளி பிசகாமல் நாள்தோறும் வாசலிற் கோலமிடும் கைக்குப் பலகையின் விளிம்பிற் கொடியும் கிளியும் எழுதுதல் அரிதன்று. மரத்தை இழைத்தல் ஆடவர்க்கும், எழுதுதல் பெண்டிர்க்கும் என்று வரையறுக்கவும் வேண்டா. வல்லவர் எவரோ அவர் செய்க.

ஒன்றை மாத்திரம் மறவாதிருப்போமாக. பிளந்த மரத்தையும் தளர்ந்த பொருத்தையும் மறைக்க வர்ணம் பூசுதல் வஞ்சகம். நன்றாய் இழைத்த மரத்தின்மேல் எழுதிய சித்திரமே தொழிலுக்கு அழகு. நாம் செய்த தொட்டிலில் நம் குழந்தையையே கிடத்துவோமா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினவி, ஆம் என்னும் விடை கிடைத்தபின்னரே பண்டத்தை விற்பனைக்கு அனுப்புவோமாக.